குரல் முடிஞ்சா பேண்டு வரும்

சாரல் காலத்தில் என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் தலை துவட்டாதவர்கள். குற்றாலத்தில் குளித்துவிட்டுத் திரும்பும் வழியில் திடீரென்று ஞாபகம் வந்து, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்க வந்து நிற்பார்கள். தலையிலிருந்து சொட்டுகிற தண்ணீரெல்லாம் என் நாற்காலியில்தான். நான் ஒரு துண்டை எடுத்து நீட்டுவேன், சிரிக்காமல். தென்காசியில் என் கடைக்கு 'சிடுமூஞ்சி ஸ்டுடியோ' என்று ஒரு பெயர் இருப்பதாகக் கேள்வி. இருந்துவிட்டுப் போகட்டும். கல்யாண வீடியோ எடுப்பது என் பிழைப்பு. கேமராவுக்கு முன்னால் நிற்கிறவன் சிரித்தால் போதும், பின்னால் நிற்கிறவன் எதற்குச் சிரிக்க வேண்டும்?

பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கும் வேலையும் செய்கிறேன். அது எனக்கு அறவே பிடிக்காத வேலை. ஆட்கள் மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வருவார்கள், கேசட்டில் வேறொன்று இருக்கும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் "ஜெபஸ்டின் கடையில குடுத்தேன், கெடுத்துட்டான்" என்று ஊரெல்லாம் சொல்வார்கள்.

நூர்நிஷா அம்மா அப்படி ஒரு சாரல் நாள் காலையில் வந்தார். அறுபது வயதிருக்கும். வெள்ளைத் துப்பட்டி தோளில் நனைந்து ஒட்டியிருந்தது. பால்பவுடர் டின் ஒன்றை, ஒரு சொட்டும் படாமல் துப்பட்டிக்குள் அணைத்துக் கொண்டுவந்திருந்தார். கடையநல்லூரிலிருந்து நின்றுகொண்டே பஸ்ஸில் வந்ததாகச் சொன்னார். நான் நீட்டிய துண்டால் முதலில் டின்னைத்தான் துடைத்தார்.

"தம்பி, கேசட்டுல இருக்கதை போனுக்கு மாத்திக் குடுக்கது நீங்கதானா?"

"ஆமாம்மா."

"இதுல எங்க வீட்டுக்காரக குரல் இருக்கு. ஒரு நிமிசம் இருந்தாப் போதும்னு மகன் சொல்லுதான். நல்லா இருக்கதாப் பாத்து எடுத்துக் குடுங்க."

டின்னைத் திறந்தேன். கேசட்டுகள் செங்கல் மாதிரி நெருக்கி அடுக்கியிருந்தன. "ஒரு நிமிசத்துக்கா இம்புட்டையும் தூக்கிட்டு வந்தீங்க?"

"எல்லாம் அவுக சவுதியில இருந்து பேசி அனுப்புனது. கொட்டிக் கிடக்கு. நீங்க அதுல இருந்து ஒரு கை அள்ளிக் குடுத்தாப் போதும்."

அந்த ஒரு நிமிடம் எதற்கு என்று அவரே சொன்னார். கணவர் சேக் மைதீனுக்குத் தொண்டையில் புற்று வந்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு ஓட்டை. அது வழியாகத்தான் மூச்சு. வாட்ஸ்அப்பில் குரலை அனுப்பிக்கொள்கிற பழக்கம் நம் பக்கத்துக்கு வருவதற்கு முன்பே அந்த ஆபரேஷன் நடந்துவிட்டது. அதனால் அவர் குரல் எந்தப் போனிலும் இல்லை. கல்யாண வீடியோக்களில் தேடினால், என்னைப் போன்ற புண்ணியவான்கள் எல்லாச் சத்தத்தையும் எடுத்துவிட்டுப் பாட்டைப் போட்டு வைத்திருக்கிறோம். பிற்பாடு, கழுத்தில் வைத்துப் பேசுகிற ஒரு மெஷினையும் வாங்கிக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அதில் வந்த கரகரப்பைக் கேட்டுப் பேத்தி அலறியதும், அதைத் தூக்கி எறிந்தவர்தான், மறுபடி தொடவில்லை.

மகன் உசாமா துபாயில் இருக்கிறான். தினமும் வீடியோவில் கூப்பிடுவான். சேக் மைதீன் திரையைப் பார்த்துத் தலையாட்டுவார், கை காட்டுவார், கொஞ்ச நேரத்தில் எரிச்சல்பட்டு எழுந்து போய்விடுவார். இப்போது உசாமா ஒரு ஆப் கண்டுபிடித்திருக்கிறான். ஒருவருடைய பழைய குரல், பின்னால் வேறு சத்தம் கலக்காமல், ஒரு நிமிடம் கிடைத்துவிட்டால் போதுமாம். அதற்குப் பிறகு அவர் போனில் எழுத எழுத, அது அவர் குரலிலேயே பேசும்.

"பத்து வருசத்துக்கு மேல ஆச்சு தம்பி. டம்ளரைத் தட்டுனா தண்ணி, கட்டிலைத் தட்டுனா சோறு. 'நூரு'ன்னு ஒரு தடவை கூப்புட்டா எனக்குப் போதும்" என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. நான் கேசட்டுகளைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

எல்லாவற்றிலும் வெள்ளையாகப் பூசணம் பிடித்திருந்தது. துடைத்துக் காய வைக்காமல் ஓட்டினால் மெஷினும் போகும், கேசட்டும் போகும். "ரெண்டு நாள் கழிச்சு வாங்கம்மா" என்றேன். அவர் நகரவில்லை.

"இங்கனயே இருக்கேன். அவுக தங்கச்சி வீட்டுக்குப் புளியங்குடி போயிருக்காக. இந்த டின்னை பீரோவுல வச்சிப் பூட்டி, சாவியை இடுப்புலயே வச்சிருப்பாக. இன்னைக்கு வேட்டி மாத்தையில மறந்துட்டாக. அவுகளுக்குத் தெரியாமத்தான் எடுத்துட்டு வந்துருக்கேன்."

"அவர் குரலைத் தேட அவருக்கே தெரியாம ஏம்மா?"

"கேட்டாத் தர மாட்டாக. அந்த பேண்டு மேல அவுகளுக்கு அம்புட்டு உசுரு."

எந்த பேண்டு என்று கேட்டேன். நான் பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு ஒவ்வொரு கேசட்டாகத் துடைக்க, நூர்நிஷா அம்மா தன் கதையைச் சொன்னார்.

தறிக்காரர் வீட்டுப் பெண். கல்யாணமான முதல் சாரலில் சேக் மைதீன் அவரை ஐந்தருவிக்குக் கூட்டிப்போனார். பெண்கள் பக்கம் இவர், ஆண்கள் பக்கம் அவர். குளித்து முடித்து ஈரத்தோடு பஸ் ஏறியபோதுதான் விசா வந்துவிட்ட சேதியைச் சொன்னார். அந்த மாதமே சவுதிக்குப் போய்விட்டார். எண்ணெய்க் கம்பெனிக் குடியிருப்பு ஒன்றில், ஒரு அமெரிக்க இன்ஜினியர் வீட்டில் சமையல் வேலை.

அந்தக் காலத்தில் கடையநல்லூரில் கடிதம் எழுதியவர்களைவிடப் பேசி அனுப்பியவர்கள்தான் அதிகம். கேசட்டில் பேசி, லீவில் ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்துவிடுவார்கள். அடுத்த தெரு அப்துல் ஜப்பார் வந்தால் அவர் பெட்டியில் பாதித் தெருவின் குரல் இருக்கும். வீட்டில் டேப்ரெக்கார்டரைச் சுற்றி எல்லாரும் உட்காருவார்கள். மாமியாருக்கு ஸலாம், நாத்தனாருக்கு ஸலாம், தறி எப்படி, மழை எப்படி என்று வரிசையாக விசாரித்துவிட்டு, கடைசியில் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி நூர்நிஷாவிடம் வருவார் சேக் மைதீன். அதற்குள் மாமியார் எழுந்து போய்விட வேண்டுமே என்று இவர் வேண்டிக்கொண்டிருப்பாராம்.

முதல் கேசட்டில் அவர் பேசி முடித்து 'டக்' என்று ஒரு சத்தம். அடுத்த நொடி ஏகப்பட்ட பீப்பிகள் ஒன்றாக அலறின. மாமியார் பதறி, "என்னட்டி இது, கல்யாண வீட்டு பேண்டு செட்டா?" என்றிருக்கிறார்.

விஷயம் இதுதான். அந்த அமெரிக்காக்காரரிடம் பழைய இசைத்தட்டுகள் நிறைய. அவர் தாத்தா காலத்து பேண்டுகள். ஒரே மேடையில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து ஊதுகிற பிக் பேண்ட் ஜாஸ். அதற்குப் பிறகு வந்த ரிதம் அண்ட் ப்ளூஸ் பாட்டுகளும் உண்டு. தட்டு தேய்ந்துவிடக் கூடாதென்று கேசட்டில் பதிந்துதான் கேட்பார். கேட்டுச் சலித்த கேசட்டுகளைச் சமையல்காரருக்குக் கொடுத்துவிடுவார். சேக் மைதீன் அதன் மேல் பேசி ஊருக்கு அனுப்புவார். அவர் பேச்சு முடிகிற இடத்தில் அடியில் இருந்த பேண்டு தொடரும்.

இரண்டாவது கேசட்டில் பேண்டுக்குப் பதிலாக ஒரு பெண் குரல் வந்தது. தொண்டை கட்டிய குரல். கெஞ்சுகிறாள், இடையில் நிறுத்தி மூச்சு வாங்குகிறாள், மறுபடி கெஞ்சுகிறாள். நூர்நிஷாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. தெரிந்தவரைக்கும் போதுமென்று சோற்றைத் தள்ளிவைத்துவிட்டுப் படுத்துவிட்டார். கேசட் கொண்டுவந்த ஜப்பாரைக் கூப்பிட்டு மாமியார் கேட்க, அவர் கேட்டுப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாராம். "இது ரிக்கார்டுல பாடுதவ. நாமெல்லாம் பொறக்கதுக்கு முந்தியே பாடுனவ. இவளுக்குப் போயி சோறு திங்காமக் கிடக்கியே!"

அப்படியும் ஆறாமல், பதில் பேசி அனுப்பியபோது "யாரு அவ?" என்று கேட்டிருக்கிறார். அடுத்த கேசட்டில் சேக் மைதீன் சிரித்துக்கொண்டே அந்த வீட்டுத் தட்டுகளைப் பற்றிச் சொன்னார். கூடவே ஒன்று சொன்னார். "கேசட்டுல மறுபக்கத்தைத் தொட்டுறாத நூரு. அதுல பேண்டு முழுசா இருக்கு, கேக்க அருமையா இருக்கும். நான் பேசுன பக்கத்துலயே நீ பேசி அனுப்பு."

பஞ்சைக் கீழே வைத்துவிட்டேன்.

"அப்படியேதான் பேசி அனுப்புனீங்களாம்மா? எல்லாத்துலயும்?"

"ஆமா. சவுதிக்குப் போறவுக யாராச்சும் இருப்பாக. அவுக கெளம்புத வரைக்கும் இவுக பேசுனதைத் தெனமும் கேப்பேன். பொறவு முதல்ல இருந்து சுத்தி வச்சு, ரெண்டு பட்டனையும் சேத்து அமுக்கிப் பேசிக் குடுத்துவிட்டுருவேன். அவுக அதை வச்சுக்கிட்டு, வேற கேசட்டுல பேசி அனுப்புவாக. அவுக கடைசியில எங்கிட்டச் சொன்னதெல்லாம் வீட்டுல கிடந்து யாரு காதுலயும் விழுந்துறக் கூடாதுல்லா? அதுவும் ஒண்ணு."

காய்ந்த கேசட் ஒன்றைப் போட்டேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும். நான் நூர்நிஷா பேசுதேன்" என்றது ஒரு சின்னப் பெண் குரல். நூர்நிஷா அம்மா துப்பட்டியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "எப்படிப் பேசுதேன் பாருங்க, பள்ளிக்கூடத்துல ஒப்பிக்க மாதிரி! சரி, அவுகளதைப் போடுங்க."

இன்னொன்றைப் போட்டேன். நூர்நிஷா பேசினார். பிள்ளைக்குக் காய்ச்சல், மாமி ஏசுகிறார்கள், மழை இல்லை. அடுத்ததிலும் நூர்நிஷா. அதற்கடுத்ததிலும். சிரிப்பு எப்போதோ நின்றிருந்தது.

"தம்பி, இது பூரா நான்தானே பேசுதேன்?"

"ஒண்ணு மேல ஒண்ணு பேசுனா, அடியில இருக்கது அழிஞ்சிரும்மா."

"தெரியும் தம்பி." துப்பட்டி நுனியை விரலில் சுற்றினார். "அப்பவும் தெரியும். அடுத்த கேசட்டு வரும்லா, அதுல பேசத்தானே போறாகன்னு இருந்தேன். பொறவு தெருவுக்குத் தெரு போன் பூத்து வந்துச்சு, கேசட்டை விட்டாச்சு. அவுக சவுதி வேலையை ஒரேயடியா முடிச்சிட்டு வரையில இந்த டின்னைக் கொண்டாந்து பூட்டுனாக. அவுக பேசுனது பூரா இதுல இருக்குன்னுதான் இந்நாள் வரைக்கும் நெனச்சுக்கிட்டு இருக்கேன். நானே அழிச்சிருக்கேன். ஒண்ணு விடாம நானே அழிச்சிருக்கேன்."

சும்மா இருக்க முடியாமல் கேசட்டைத் திருப்பி மறுபக்கத்தை ஓட்டினேன். பேண்டு வந்தது. எங்கள் சபையில் கிறிஸ்துமஸ் பவனிக்கு டிரம்பெட் ஊதியவன் நான். ஊதியவன் என்பதைவிட ஊதப் பார்த்தவன் என்பது சரி. அந்த எனக்கே உடம்பு சிலிர்த்தது. சாக்ஸபோன்காரர்கள் ஒரு வரிசையாகக் கேள்வி கேட்க, டிரம்பெட்காரர்கள் மேலேயிருந்து பதில் சொல்ல, பிறகு இரண்டு கூட்டமும் சேர்ந்து கூரையைத் தூக்கின. ஒரு பிசிறு இல்லை.

எனக்கு அந்த பேண்டு மேல் கோபம்தான் வந்தது. எந்தக் காலத்திலோ எந்த ஊரிலோ ஊதியவன் மூச்சு வாங்குவதுகூட அப்படியே இருக்கிறது. இந்த அம்மாவின் புருஷன் பேசியது ஒரு வார்த்தை இல்லை.

"இப்ப ரிக்கார்டு ஊசி ஒரு எடத்துல தட்டும் பாருங்க" என்றார் நூர்நிஷா அம்மா. தட்டியது. "பொறவு ஒருத்தன் மட்டும் தனியா அழுவான்." ஒரு சாக்ஸபோன் தனியாகப் புறப்பட்டது. ஒவ்வொரு பாட்டுக்கும் அவர் ஒரு பெயர் வைத்திருந்தார். எல்லாரும் எழுந்து நிற்கிற பாட்டு, அழுகிறவன் பாட்டு, 'அவ' பாட்டு. ஆரம்பத்தில் அந்தச் சத்தமே பிடிக்காதாம். பேச்சு முடிந்துவிட்டது என்று முகத்தில் அறைகிற மாதிரி இருக்குமாம். போகப் போக, அவர் இருக்கிற வீட்டில் கேட்கிற சத்தம் இது என்று அணைக்காமல் ஓடவிட்டிருக்கிறார்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கேசட்டுகளை என்னிடம் விட்டுவிட்டு வெறும் டின்னை எடுத்துக்கொண்டார். "பீரோவுலயே வச்சிருதேன். ஆட்டியா பாக்கப் போறாக?" வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். "நான் பேசுனதையா தம்பி இத்தனை வருசமா பூட்டி வச்சிருந்தாக? நான் பேண்டுக்குன்னுல்லா நெனச்சேன். அதுக்காக எத்தனை சண்டை போட்டிருக்கேன்."

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு கேசட்டைச் சும்மா ஓடவிட்டு, கல்யாண ஆல்பம் ஒன்றை ஒட்டிக்கொண்டிருந்தேன். நூர்நிஷா பேசி முடித்தார். 'டக்' என்றது. அதற்கும் பேண்டுக்கும் நடுவில் ஒரு ஆண் குரல் வந்தது.

பசையைப் போட்டுவிட்டு ஓடினேன். யோசித்தால் எளிய விஷயம்தான். சேக் மைதீன் நிறையப் பேசுவார். நூர்நிஷா கூச்சத்தில் சீக்கிரம் முடித்துவிடுவார். இவர் நிறுத்திய இடத்துக்குப் பிறகு, அவர் பேசியதன் வால் கொஞ்சம் தப்பியிருக்கிறது. எல்லாக் கேசட்டையும் அந்த இடத்துக்கு ஓட்டிப் பார்த்தேன். சிலதில் ஒன்றுமில்லை. மற்றதில் கடைசி ஒன்றிரண்டு வாக்கியம் இருந்தது. வெட்டி வெட்டி எடுத்தேன். பேண்டு தொடங்குகிற இடத்தை முடியளவும் மிச்சம் வைக்காமல் நறுக்கினேன். வரிசையாக ஒட்டினேன். ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலேயே வந்தது.

எனக்கு ஒரே பெருமை. சிடுமூஞ்சி அன்று தானாகச் சிரித்துக்கொண்டிருந்தான். என்ன பேசியிருக்கிறார் என்பதில் என் கவனம் போகவே இல்லை. குரல் சுத்தமாக இருக்கிறதா, சத்தம் கலந்திருக்கிறதா என்றுதான் பார்த்தேன்.

போனில் சேதி சொன்னதும் நூர்நிஷா அம்மா மறுநாளே ஓடிவந்தார். ஹெட்போனை மாட்டிவிட்டேன். எனக்கும் கேட்கட்டுமென்று ஸ்பீக்கரையும் சின்னதாக வைத்தேன்.

"...அடுத்த சாரலுக்கு அங்கன இருப்பேன் நூரு. ஐந்தருவிக்குப் போவோம். வச்சிருதேன்."

அவர் முகம் பூத்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டார்.

"...லீவு தரலை. அடுத்த சாரலுக்குக் கண்டிப்பா வந்துருதேன். வச்சிருதேன்."

"...பிள்ளைகிட்டச் சொல்லு, வாப்பா அடுத்த சாரலுக்கு வாராகன்னு. வச்சிருதேன்."

"...இந்த வருசம் முடியாது போல. அடுத்த சாரலு தப்பாது."

"...அடுத்த சாரலுக்கு, இன்ஷா அல்லாஹ்..."

குரல் தடித்துக்கொண்டே வந்தது. கடைசித் துண்டுகளில் இருமல் இருந்தது. ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார் நூர்நிஷா அம்மா. அதிலிருந்து சின்னதாக இன்னும் ஒரு சாரல் கேட்டது. நான் அவசரமாக நிறுத்தினேன்.

"எத்தனை சாரலு" என்றார்.

நான் செய்த காரியம் அப்போதுதான் எனக்கே உறைத்தது.

"ஒவ்வொண்ணா வரையில தெரியல தம்பி. வந்ததை வந்ததை நம்பிட்டேன். ஒரு தடவை, ரெண்டு தடவை வராமலும் இல்ல. லீவுல வருவாக, நோன்பு மாசமா இருக்கும், கோடையா இருக்கும். சாரலுக்கு மட்டும் வந்ததே இல்ல. ஒரேயடியா வந்த பொறவு நான் ஐந்தருவியைப் பத்திப் பேசல, அவுகளும் பேசல. பேசலாம்னு நெனைக்கையில தொண்டையில வந்துருச்சு." மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு சட்டென்று கோபமாக, "பேண்டை ஏன் வெட்டுனீங்க?" என்று கேட்டார்.

"ஆப்புக்குக் குரல் மட்டும்தாம்மா வேணும்."

"பேண்டு இருந்தா இம்புட்டுத் தெரியாது. அவுக சொல்லி முடிச்சதும் அந்தச் சத்தம் வந்து அமுக்கிரும். என்ன சொன்னாகன்னு யோசிக்க விடாது."

வெளியே சாரல் வலுத்திருந்தது. எதிர்க்கடைத் தகரத்தில் தடதடவென்று விழுந்தது. அவர் மெதுவாகச் சொன்னார். உசாமாவும் இதையேதான் சொல்கிறானாம். அவன் பெண்டாட்டி சாஜிதா மாமியாரோடுதான் இருக்கிறாள். பெண் குழந்தை நடக்கத் தொடங்கியதை, பேசத் தொடங்கியதை, பள்ளிக்கூடம் போனதை எல்லாம் போனில் பார்த்தவன் அவன். கேட்டால், அடுத்த சாரல் சீசனுக்கு வருகிறேன் என்பான். போனை வைத்ததும் சாஜிதா அடுக்களைக்குள் போய்ப் பாத்திரத்தை உருட்டுவாள். அந்தச் சத்தம் எதற்கென்று தனக்குத் தெரியும் என்றார்.

"இதை அவனுக்கு அனுப்பித்தான் ஆகணுமா?"

"இதை விட்டா வேற குரல் இல்லம்மா."

"அனுப்புங்க. அவனும் கேக்கட்டும்." எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். "ஆனா எங்க வீட்டுக்காரகளுக்கு மட்டும் இதைப் போட்டுக் காட்டிராதீங்க. தாங்க மாட்டாக."

அனுப்பினேன். அரைமணி நேரத்தில் உசாமாவிடமிருந்து பதில் வந்தது. நூர்நிஷா அம்மா அதற்காகவே பஸ்ஸை விட்டுவிட்டுக் காத்திருந்தார்.

"என்ன சொல்லுதான்?"

"குரல் நல்லாக் கிளியரா இருக்காம். இது போதுமாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா."

மூன்று வாரம் கழித்து உசாமாவே என்னைக் கூப்பிட்டான். ஆப் தயார், வாப்பா போனில் அதை ஏற்றிப் பழக்கிக் கொடுக்க வேண்டும் என்றான். கேசட்டுகளை ஒரு பையில் மறைத்து எடுத்துக்கொண்டு, மறுபக்கத்து பேண்டு பூராவையும் ஒரு பென் டிரைவில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடையநல்லூருக்குப் போனேன். மாலை அஸர் தொழுகை முடிந்த நேரம்.

சேக் மைதீன் ஒல்லியாக, நெஞ்சு உள்வாங்கிய மனிதர். கழுத்தில் வெள்ளைத் துணி. என்னைப் பார்த்ததும் பீரோவைத் திறந்து, அந்த டின்னை எடுத்து வந்து, என் காதருகே ஆட்டிக் காட்டினார். ஒரு சத்தமும் இல்லை. பிறகு என் பையை நோக்கிக் கையை நீட்டினார். நூர்நிஷா அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கேசட்டுகளைக் கொடுத்தேன். சேக் மைதீன் அவற்றை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, பழைய வரிசையிலேயே அடுக்கி, மூடியைப் போட்டுத் தன் மடியில் வைத்துக்கொண்ட பிறகுதான் போனை வாங்கினார்.

வீடியோவில் உசாமா வந்தான். சாஜிதா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். சேக் மைதீன் ஒற்றை விரலால் தேடித் தேடி எழுதினார். பட்டனை நான் அமுக்கினேன்.

"நல்லா இருக்கியா லே?"

அது ஒரு இளவட்டத்தின் குரல். நரைத்த தாடியும் உள்வாங்கிய நெஞ்சுமாக இருந்த அந்த மனிதரிடமிருந்து அது வந்ததைக் கேட்டு முதலில் அதிர்ந்தவர் அவர்தான். போனைக் கீழே போடப் பார்த்தார். நூர்நிஷா அம்மா துப்பட்டியை முகத்தில் இழுத்து மூடிக்கொண்டு குலுங்கினார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. சேக் மைதீன் மறுபடி எழுதினார். "நூரு" என்றது போன். மறுபடி அமுக்கச் சொல்லிக் கை காட்டினார். "நூரு." நூர்நிஷா அம்மா "என்ன?" என்றார். அவருக்கு மேற்கொண்டு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. அவரும் சிரித்துவிட்டார், சத்தமில்லாமல்.

உசாமா அந்தப் பக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். "வாப்பா, இனி தெனமும் பேசலாம் வாப்பா. எனக்கு இந்தத் தடவையும் லீவு சரிப்படல. கம்பெனியில ஆள் கம்மி. அடுத்த சாரலுக்குக் கண்டிப்பா வந்துருதேன். எல்லாருமா ஐந்தருவிக்குப் போவோம்."

சாஜிதா குழந்தையை இறக்கிவிட்டு அடுக்களைப் பக்கம் நகர்ந்தாள். நூர்நிஷா அம்மா துப்பட்டியை விலக்கிக் கணவரைப் பார்த்தார். சேக் மைதீன் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு எழுதத் தொடங்கினார். எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். உசாமா "வாப்பா? லைன் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். சாஜிதா அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டாள். இந்தத் தடவை பட்டனை அமுக்க அவர் என்னைக் கூப்பிடவில்லை.

அந்த இளவட்டக் குரல், நூர்நிஷா அம்மா வருடக்கணக்காக நம்பிய அதே குரல், நிறுத்தி நிதானமாகச் சொன்னது:

"இதை நான் உங்க உம்மாகிட்ட நெறையாச் சொல்லிட்டேன். நீ வேற ஏதாவது சொல்லு."

நூர்நிஷா அம்மா அந்தப் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். கணவர் குரல் முடிந்தால் பேண்டு வந்து எல்லாவற்றையும் அமுக்கிவிடும் என்று பழகிய காது அது. பென் டிரைவ் என் சட்டைப்பையில்தான் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. உசாமா பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.